எண்ணெய்ப் போத்தலுக்கு மதிப்பெண் வருகிறது: நம் அடுப்புக்கு என்ன வரும்?

தெம்பனிஸில் ஏதாவது ஒரு பேரங்காடிக்குள் போய் எண்ணெய் அடுக்கின் முன்னால் நின்று பாருங்கள். கனோலா, சூரியகாந்தி, சோயா, சோளம், தவிட்டெண்ணெய், கடலையெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், கலப்பு எண்ணெய் என்று வரிசை வரிசையாக நிற்கும். ஒன்றில் இதயப் படம். இன்னொன்றில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்ற கொட்டை எழுத்து. எதை எடுப்பது, எதை விடுவது? கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்துவிட்டு, கடைசியில் விலைச் சீட்டைப் பார்த்துத்தான் கை நீள்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உழைத்துச் சாப்பிடுகிற குடும்பம் எதுவும் அப்படித்தான் வாங்கும்.

இந்த அடுக்கில் ஒரு மாற்றம் வரப்போகிறது. பான வகைகளுக்குப் போடுவது போல், சமையல் எண்ணெய்க்கும் ஏ, பி, சி, டி என்று தரம் போடும் 'நியூட்ரி-கிரேட்' முறை 2027ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நடப்புக்கு வரும் என்று சிங்கப்பூர் சுகாதார அமைச்சு 2024 ஆகஸ்டில் அறிவித்தது. உப்பு, சோஸ் வகைகள், உடனடி மீ ஆகியவையும் அதில் சேரும். எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துத் தரம் போடுவார்கள். அந்தக் கொழுப்பு கூடக் கூட மதிப்பெண் இறங்கும்.

"சிங்கப்பூர்ச் சட்டம்தானே, தோட்டத்தில் இருக்கிற நமக்கென்ன?" என்று கேட்கலாம். தெம்பனிஸும் ஒரு காலத்தில் காடும் ரப்பர்த் தோட்டமும் மணல் குழியுமாய்க் கிடந்த இடம்தான். அங்கே வளர்ந்த ஒரு மரத்தின் பெயரே ஊருக்கு வந்தது. 1970களின் கடைசியில் புதுநகர் வேலை தொடங்கியது. 1992இல் உலக வாழ்விட விருது பெறும் அளவுக்கு ஊர் மாறிவிட்டது. இன்று அந்த மாடி வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்களில் பலருக்கு வேர் தோட்டத்தில்தான் இருக்கிறது. ஜோகூரில் தோட்டத்தில் இருப்பவர்கள் பலருக்கும் சிங்கப்பூரில் மகனோ மகளோ மருமகனோ இருக்கிறார்கள். அடுப்பு இரண்டானாலும் சமையல் ஒன்றுதான். அந்தச் சட்டியில் கொதிக்கிற எண்ணெயோ பெரும்பாலும் நம் கையால் வெட்டிய குலையிலிருந்து வருவது.

அதனால்தான் சேதி காதில் விழுந்ததும் தோட்டத்துப் பக்கம் ஒரு கேள்வி எழுகிறது: "நாம வெட்டுற குலையில வர்ற எண்ணெய் நமக்கே ஆகாதாமே, நெசமா?" நியாயமான கேள்வி. ஆகும், ஆகாது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி ஓடிவிட முடியாது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

உறைகிற சாதி, உறையாத சாதி

எந்த எண்ணெயானாலும் அது கொழுப்புதான். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருக்கிறது. விலை உயர்ந்த ஒலிவ எண்ணெய்க்கும் அதே கணக்கு, மலிவுப் பாக்கெட்டுக்கும் அதே கணக்கு. "நல்ல எண்ணெய்" என்று சொல்லி இரண்டு கரண்டி கூட ஊற்றினால் உடம்பு பெருப்பது பெருப்பதுதான்.

வித்தியாசம் கொழுப்பின் சாதியில் இருக்கிறது. நெய்யும் தேங்காயெண்ணெயும் குளிரில் கட்டியாக உறைந்துபோவதைப் பார்த்திருக்கிறோம். அப்படி உறையும் தன்மையைக் கொடுப்பதுதான் நிறைவுற்ற கொழுப்பு. அது அளவுக்கு மிஞ்சினால் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும். ஏறியது குழாய்ச் சுவரில் படிந்து, நாளடைவில் இதயத்துக்குப் போகும் வழியை அடைக்கும்.

நூறு பங்கு எண்ணெயில் அது எத்தனை பங்கு இருக்கிறது? கனோலாவில் ஏறக்குறைய 7, சூரியகாந்தியில் 11, சோயாவிலும் நல்லெண்ணெயிலும் 15, கடலையெண்ணெயில் 17 முதல் 20, தவிட்டெண்ணெயில் 20 பங்கு. செம்பனை எண்ணெயில் பாதி. அதைப் பிரித்தெடுத்துத் தெளிவாய்ப் போத்தலில் அடைப்பதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. நெய்யில் 60க்கு மேல். தேங்காயெண்ணெயில் 85க்கும் மேல்.

குலை வெட்டுகிறவர்களுக்குத் தெரிந்த ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்லலாம். செம்பனைப் பழத்தில் எண்ணெய் இரண்டு வகை. வெளிச் சதையில் வருவது சமையலுக்கு. உள்ளே கொட்டையின் பருப்பிலிருந்து வருவது வேறு. இந்தப் பருப்பெண்ணெய் குணத்தில் தேங்காயெண்ணெயின் தம்பி மாதிரி. பிஸ்கட்டின் நடுவில் வைக்கும் கிரீம், காப்பியில் போடும் கிரீமர் மாவு ஆகியவற்றில் இது சேர்வது உண்டு. வீட்டில் எண்ணெயைக் குறைத்துவிட்டுச் சாயங்காலம் கிரீம் பிஸ்கட்டைப் பாக்கெட் பாக்கெட்டாகத் தின்றால் குறைத்ததற்குப் பலன் இல்லை.

"கொலஸ்ட்ரால் இல்லை" என்ற கொட்டை எழுத்தைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். கொலஸ்ட்ரால் மிருகப் பொருள்களில் இருப்பது. தாவர எண்ணெய் எதிலும் அது இருப்பதாகக் கணக்கில் வராது. ஆட்டுக்கு வால் இருக்கிறது என்று விளம்பரம் போடுவது போலத்தான் அது. நாம் தேட வேண்டிய எழுத்து போத்தலின் பின்புறத்தில் சிறிதாக இருக்கும்: நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம்?

சிங்கப்பூர் ஆய்வு சொன்னது

"அந்தக் காலத்துல தேங்காயெண்ணெயில சமைச்சுத்தான் பெரியவங்க நூறு வயசு இருந்தாங்க" என்று சொல்வார்கள். நூறு வயது வாழ்ந்தவர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். நாற்பதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்களை மறந்துவிட்டோம். அதோடு, அன்று எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்தது, இன்று கொட்டுகிறது.

ஊகம் வேண்டாம், சோதனையைப் பார்ப்போம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல நாடுகளில் மனிதர்களை வைத்து நடந்த 16 சோதனைகளைத் திரட்டி 2020இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களை உண்டவர்களைவிடத் தேங்காயெண்ணெய் உண்டவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் சராசரியாக 10 மில்லிகிராம் கூடியிருந்தது. நல்ல கொலஸ்ட்ராலும் கொஞ்சம் ஏறியது, ஆனால் கெட்டது ஏறிய அளவுக்கு இல்லை. அதே பல்கலைக்கழகத்தினர் 2015இல் செம்பனை எண்ணெயைப் பற்றியும் இப்படித் திரட்டினார்கள். நிறைவுற்ற கொழுப்புக் குறைந்த எண்ணெய்களோடு ஒப்பிட்டால் செம்பனையும் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்துகிறது என்பதே முடிவு.

செம்பனைக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். எண்ணெயைச் செயற்கையாகக் கெட்டியாக்கிச் செய்த பழைய மார்ஜரின், வனஸ்பதி வகைகளில் 'டிரான்ஸ்' கொழுப்பு இருந்தது. கொழுப்புகளிலேயே படுமோசமானது அதுதான். கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதை இறக்கிவிடும். அந்தக் கெட்டிக் கொழுப்புக்கு மூலமான பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயைச் சிங்கப்பூர் 2021 ஜூனில் அடியோடு தடை செய்தது. அதற்குப் பதிலாகப் பல இடங்களில் வந்தது செம்பனை எண்ணெய்தான், ஏனெனில் அது இயற்கையிலேயே கொஞ்சம் கெட்டி. ஆகவே செம்பனை விஷம் என்று கூச்சல் போடுவது தவறு. அளவில்லாமல் ஊற்றலாம் என்பதும் தவறு.

சம்பளக் கணக்குப் போல எண்ணெய்க் கணக்கு

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டில் மாதம் ஐந்து கிலோ எண்ணெய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 42 கிராம். அதில் மட்டும் 375 கலோரி. அது பாக்கெட் செம்பனை எண்ணெயானால், நிறைவுற்ற கொழுப்பு 19 கிராம் வரை உள்ளே போகிறது.

ஒரு நாளுக்கு உண்ணும் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2,000 கலோரி உண்கிற ஒருவருக்கு அது 22 கிராம். 19 கிராம் எண்ணெயிலேயே முடிந்துவிட்டது என்றால் கறி, பால், தேங்காய்ப் பால், ரொட்டி சானாய் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் மூன்றே கிராம். தாங்குமா?

அதே வீட்டில் அதே எண்ணெயை மூன்று கிலோவாகக் குறைத்தால் 19 என்பது 11 ஆகிவிடும். எண்ணெயை மாற்றவில்லை, ஒரு காசு கூடச் செலவில்லை, இரண்டு கிலோ விலை மிச்சம். அளவைக் குறைக்காமல் சூரியகாந்திக்கு மாறினால் 5 கிராமுக்குள் அடங்கும். ஆனால் காசு கூடும், கலோரி அப்படியே நிற்கும். ஏழை வீட்டுக்கு முதல் மருந்து எது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரட்டுக்குப் போய், நாள் முழுக்கக் குலை வெட்டித் தூக்கிப் போடுகிற ஆளுக்கு 2,000 கலோரி போதாது. அவர் உண்பது வியர்வையாய் இறங்குகிறது. அவரே வயதாகித் தெம்பனிஸில் மகன் வீட்டு மாடியில் உட்கார்ந்துவிட்டால்? தட்டு பழைய தட்டு, உடம்பு புது உடம்பு. பழைய வேலைக்காரனின் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிற அப்பா, தாத்தாமார்கள்தாம் மிக அதிக ஆபத்தில் இருப்பவர்கள். 2010இல் சிங்கப்பூரில் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையான இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களில் 9.7 விழுக்காடு. நீரிழிவு வந்தவருக்கு இதய நோய் வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. இனிப்பு நீர்க்காரர் வீட்டில் சீனியைப் பூட்டி வைக்கிறோம். எண்ணெய்ச் சட்டியைத் திறந்தே வைத்திருக்கிறோம்.

மதிப்பெண் யாரைத் திருத்தும்?

சரி, போத்தலில் ஒரு எழுத்தை ஒட்டினால் ஜனங்கள் மாறிவிடுவார்களா? பான வகைகளில் நடந்ததைப் பாருங்கள். 2022 டிசம்பர் கடைசியில் அந்தச் சட்டம் நடப்புக்கு வந்தது. வரப்போகிறது என்று தெரிந்ததுமே கம்பெனிகள் சீனியைக் குறைக்கத் தொடங்கிவிட்டன. பாக்கெட் பானங்களின் நடுத்தரச் சீனி அளவு 2017இல் 7.1 விழுக்காடாக இருந்தது, 2023இல் 4.6 ஆக இறங்கியது. எழுத்தைப் படித்துத் திருந்தியவர் எத்தனை பேரோ, 'டி' வாங்கிவிடுவோமோ என்று பயந்து திருந்திய முதலாளிகள் நிறையப் பேர். சட்டத்தின் உண்மையான பலன் அங்கேதான். எண்ணெயிலும் அப்படி நடந்தால், மலிவான கலப்பு எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு குறையும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அதனால் நன்மை உண்டு.

உணவங்காடிக் கடைகளுக்கு நல்ல எண்ணெய் போய்ச் சேர வேண்டும் என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் 2017இல் 2 கோடி வெள்ளி ஒதுக்கி ஒரு திட்டம் தொடங்கியது. கொழுப்புக் குறைந்த எண்ணெயை உருவாக்கி விற்கும் கம்பெனிகளுக்கு அதில் மானியம் கிடைத்தது. "நல்லதைத் தின்னு" என்று உபதேசம் செய்வதோடு நிற்காமல், நல்லதை மலிவாக்கப் பணம் போட்டார்கள். இதை நாம் பாராட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய பாடம் மொரீஷியஸ் தீவிலிருந்து வருகிறது. நம் முன்னோர்கள் மலாயாவுக்கு வந்தது போலவே, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிப் போன இந்தியர்களின் வாரிசுகள் நிறைந்த நாடு அது. தமிழர்களும் இருக்கிறார்கள். அங்கே பெரும்பாலான குடும்பங்கள் வாங்கிய பங்கீட்டு எண்ணெய் பெரும்பாலும் செம்பனையாக இருந்தது. இதய நோயும் நீரிழிவும் பெருகவே, 1987க்குப் பிறகு அரசாங்கம் அந்த எண்ணெயை முழுக்கச் சோயாவாக மாற்றியது. 1992இல் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சராசரிக் கொலஸ்ட்ரால் 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. அதில் ஏறக்குறைய பாதி எண்ணெய் மாற்றத்தாலேயே வந்தது என்பது ஆய்வாளர்களின் கணக்கு. ஐந்தே வருடம்! மக்கள் கடையை மாற்றவில்லை. போத்தலுக்குள் இருந்தது மாறியது, அவ்வளவுதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். மலேசியாவில் 2016 நவம்பரில் போத்தல் எண்ணெய்க்கான மானியம் நின்றது. ஒரு கிலோ பாக்கெட்டுக்கு மட்டும் அது தொடர்ந்தது, விலை 2 ரிங்கிட் 50 காசு. ஏழை வயிற்றுக்கு அது பெரிய உதவி, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மானியம் செம்பனைக்கு மட்டும் என்றால், ஏழையின் எண்ணெயை ஏழை தேர்ந்தெடுக்கவில்லை, விலை தேர்ந்தெடுத்தது. அந்த விலையும் நம் ஊரில் முடிவாவதில்லை. 2022இல் உக்ரேனில் சண்டை மூண்டதும் சூரியகாந்தி எண்ணெய் வருவது தடைப்பட்டது. அதே வருடம் ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா செம்பனை ஏற்றுமதியை நிறுத்தி, மே மாதக் கடைசியில்தான் மறுபடி திறந்துவிட்டது. எங்கேயோ வெடித்த குண்டு நம் தாளிப்புக் கரண்டியில் வந்து விழுந்தது. இப்படி இருக்கையில், "நல்ல எண்ணெயாப் பாத்து வாங்கக் கூடாதா?" என்று வீட்டுப் பெண்களை மட்டும் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

செம்பனையை ஒழிக்க வேண்டும் என்பது நம் கட்சி அல்ல. 1917இல் சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் வியாபாரத்துக்காக முதல் செம்பனை நட்ட நாளிலிருந்து எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது. நாம் கேட்பது இதுதான்: மானியப் பாக்கெட்டில் செம்பனையோடு சோயாவோ கனோலாவோ கலந்து கொடுக்கட்டும். வேலை கொடுக்கிற மரமும் வாழட்டும், வேலை செய்கிறவனின் நெஞ்சும் வாழட்டும். தொழிற்சங்கக் கூட்டங்களில் சம்பளம், வீடு, தண்ணீர் என்று பேசுகிறோம். இந்த எண்ணெய்ப் பேச்சும் அங்கே எழ வேண்டும்.

அதுவரை நம் வீட்டில்

அரசாங்கம் செய்கிறவரை சும்மா இருக்க முடியாது. காசு செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியவை சில உண்டு.

மாதத் தொடக்கத்தில் எண்ணெய் வாங்கியதும் போத்தலில் தேதி எழுதுங்கள். எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். அடுத்த மாதம் நான்கு நாள் கூட வரவேண்டும் என்று வையுங்கள். போத்தலைக் கவிழ்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றினாலே பாதி வெற்றி.

பொரித்த எண்ணெயை நாள் கணக்கில் வைத்து மறுபடி மறுபடி காய்ச்ச வேண்டாம். காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் சிதைந்து கெட்ட பொருள்கள் சேர்கின்றன. ஒரு முறை பொரித்ததை வடிகட்டி, அடுத்த நாளே தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். கறுத்து, பிசுபிசுத்து, வாடை வந்துவிட்டால் காசைப் பார்க்காமல் கொட்டுங்கள். பழையதில் புதியதை ஊற்றினால் புதியதும் கெடும்.

அப்பளம், மீன், கோழி எல்லாம் தினமும் சட்டியில் மிதக்க வேண்டியதில்லை. மீனைக் குழம்பில் போடுங்கள். மலிவான கெம்போங் மீனிலும் மத்தியிலும் இருக்கிற கொழுப்பு இதயத்துக்கு நல்ல சாதி. அதைப் பொரித்து வீணாக்குவானேன்? கோழித் தோலை உரித்துவிடுங்கள். தேங்காய்ப் பாலை முதல் பாலாக ஊற்றாமல் தண்ணீர் கலந்து ஊற்றினாலும் குழம்பு குழம்பாகத்தான் இருக்கும்.

காசு கொஞ்சம் இருந்தால் இரண்டு எண்ணெய் வையுங்கள். எப்போதாவது பொரிப்பதற்குப் பாக்கெட் எண்ணெய். தினசரிக் குழம்புக்கும் பொரியலுக்கும் சூரியகாந்தியோ சோயாவோ கடலையோ, சிறிய போத்தலாக. நெய்யும் தேங்காயெண்ணெயும் பண்டிகைக்கும் வாசனைக்கும் இருக்கட்டும். தெம்பனிஸில் இருக்கிற பிள்ளைகள் வாரக் கடைசியில் தோட்டத்துக்கு வரும்போது பிஸ்கட் டின்னுக்குப் பதில் ஒரு போத்தல் நல்ல எண்ணெய் வாங்கி வரலாம். அப்பாவையும் அம்மாவையும் ஒரு முறை கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் கொலஸ்ட்ராலும் சீனியும் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. கொலஸ்ட்ரால் ஏறியிருப்பது வலித்துச் சொல்லாது. இரத்தம் எடுத்தால்தான் தெரியும். மாத்திரை கொடுத்திருந்தால், எண்ணெயைக் குறைத்துவிட்டோம் என்று நாமாக நிறுத்திவிடக் கூடாது.

2027இல் போத்தலில் எழுத்து வரட்டும், வரவேற்போம். 'ஏ' வாங்கிய போத்தலை எல்லோரும் வாங்குகிற விலையில் வைக்கச் சொல்லியும் கேட்போம். ஆனால் கரண்டிக்கு மதிப்பெண் போட அதிகாரிகள் வரமாட்டார்கள். அந்தப் பரிட்சையை நம் அடுப்படியில் நாமேதான் எழுத வேண்டும்.